ஒஸ்ரின் காரும் ஒரு கொப்பியும்: குடாநாட்டைச் சுற்றி ஐந்து நாள் ஃபோர்முலா வன் கணக்கு

முதல் நாள்: யாழ் நகர்

ஐந்து நாளுக்குப் பேசிய வாடகைக் கார் ஒரு ஒஸ்ரின் ஏ40 சமர்செற். 1952இலிருந்து 1954 வரை இங்கிலாந்தில் செய்த வகை. 1,200 சிசி, நாலு சிலிண்டர், 42 குதிரைவலு. யாழ்ப்பாணத்தில் இந்த வயதுக் கார்கள் காட்சிக்கு நிற்பவை அல்ல. கலியாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இன்னமும் வாடகைக்கு ஓடுபவை. ஃபோர்முலா வன் கார் றேஸ் உலக சம்பியன்ஷிப்பின் முதல் பருவங்களை விளங்கிக்கொள்ள இப்படி ஒரு காரின் பொனற்றைத் திறந்து பார்ப்பது நல்ல தொடக்கம். அதே காலத்து இரும்பு, அதே காலத்துக் காபறேற்றர்.

பயண ஏற்பாடு இதுதான்: ஒவ்வொரு நாளும் ஒரு திசை, ஒவ்வொரு இரவும் சில பருவங்களின் கணக்கு. ஒரு 80 பக்கச் சதுரக்கோட்டுக் கொப்பியும் பென்சிலும் போதும். வேகத்தைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். புள்ளி எண்ணும் முறையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால் பல பருவங்களில் சம்பியனைத் தீர்த்தது அந்த முறைதான். வாசிப்பவர்களும் கூடவே ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படுமுன் சாரதி ஐயா பொனற்றுக்குள் ஒரு பழைய பித்தளை வால்வைக் காட்டினார். 1990இல் எரிபொருள் தடை வந்த பிறகு இந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. "தம்பி, மண்ணெண்ணெய் குளிரிலை பத்தாது. முதல் போத்தில் பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நல்லாச் சூடானாப் பிறகுதான் இந்த வால்வைத் திருப்ப வேணும். நிப்பாட்ட முந்தி திரும்பப் பெற்றோலுக்கு மாத்த வேணும். இல்லாட்டி அடுத்த நாள் விடியக் காபறேற்றருக்குள்ளை மண்ணெண்ணெய்தான் நிக்கும். தள்ளித்தான் திரிய வேணும்."

காரணம் எளிது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெற்றோலைவிடக் கூடிய சூடு வேண்டும். ஆவியாகாத துளிகள் எரியாமல் பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். ஒக்ரேன் குறைவு என்பதால் மேட்டில் ஏறும்போது எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கும். சமர்செற்றின் அமுக்க விகிதம் கிட்டத்தட்ட 7க்கு 1 என்று குறைவாக இருந்ததால்தான் அது தாக்குப்பிடித்தது. இன்றைய கார் ஒன்றில் இதைச் செய்தால் பிஸ்டன் போய்விடும்.

எஞ்சின் எதைக் குடிக்கிறதோ அதுதான் அதன் குணத்தைத் தீர்க்கிறது. 1950ஆம் ஆண்டுப் பருவமும் இதே பாடம்தான், மற்றப் பக்கத்திலிருந்து. அந்த ஆண்டு அல்ஃபா றோமியோ 158 கார்கள் ஓடியது பெரும்பாலும் மெதனோலில். ஒன்றரை லீற்றர் கொள்ளளவு, வரிசையாக எட்டுச் சிலிண்டர், காற்றை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜர். மெதனோல் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே போகும் காற்றுக் குளிரும், பிஸ்டன் உருகாது. ஆனால் ஒரு லீற்றர் மெதனோலில் இருக்கும் சக்தி பெற்றோலில் இருப்பதில் பாதியளவுதான். அதனால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். 1951இன் 159 வகை ஒரு லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் சொச்சம்தான் ஓடியது. இங்கிருந்து பருத்தித்துறைக்குப் போக அறுபது லீற்றருக்கு மேல் வேண்டியிருக்கும்.

அந்தத் தாகம்தான் அல்ஃபாவைக் கவிழ்த்தது. 1951 யூலை 14, சில்வர்ஸ்டன். பெராரி 375 காரில் நாலரை லீற்றர் எஞ்சின், சூப்பர்சார்ஜர் இல்லை. குடிப்பது குறைவு, எரிபொருள் நிரப்ப நிற்க வேண்டியதும் குறைவு. அதில் ஹோசே ஃப்ரொய்லான் கொன்சாலெஸ் வென்றார். சம்பியன்ஷிப்பில் பெராரிக்கு அது முதல் வெற்றி. பருவத்தை அல்ஃபாவின் சாரதி ஹுவான் மனுவெல் ஃபாஞ்சியோ அந்த அணிக்கே வென்று கொடுத்தாலும், அடுத்த ஆண்டு அல்ஃபா வரவில்லை. போட்டியிடப் போதிய கார் இல்லாததால் 1952, 1953 பருவங்களை இரண்டு லீற்றர் ஃபோர்முலா ரூ விதிகளில் நடத்தினார்கள். இரண்டையும் அல்பேர்ட்டோ அஸ்காரி எடுத்தார்.

கொப்பியின் முதல் பக்கம் 1950. ஏழு றேஸ், அவற்றில் ஒன்று இன்டியானாபொலிஸ் 500. முதல் ஐந்து இடத்துக்கு 8, 6, 4, 3, 2. அதிவேகச் சுற்றுக்கு 1. ஆனால் ஒருவருடைய சிறந்த நான்கு முடிவுகள் மட்டுமே எண்ணப்படும். கார்கள் அடிக்கடி உடைந்த காலம். இரண்டு முறை உடைந்தவன் பருவத்தையே இழக்கக்கூடாது என்பது நோக்கம். நினோ ஃபரீனா 9, 9, 4, 8: மொத்தம் 30. ஃபாஞ்சியோ 9, 8, 9, 1: மொத்தம் 27. லூயீஜி ஃபாஜியோலி நான்கு முறை இரண்டாவது, ஒரு முறை மூன்றாவது. உழைத்தது 28, எண்ணப்பட்டது 24. ஒழுங்காக வந்து சேர்ந்ததற்கு அவர் கொடுத்த விலை அந்த 4. இந்தக் கழிவு நாற்பது ஆண்டு நின்றது. இந்தப் பயணத்தில் அது திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் நாள்: பலாலி, காங்கேசன்துறை, கீரிமலை

பலாலி வீதியால் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன். செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் புகையிலையும் நிற்கிற காலம். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய வான்படை போட்டது. 2019 ஒக்டோபரிலிருந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்கலாம். படம் எடுக்கக்கூடாத இடம். கமராவைக் காருக்குள் வைத்துவிட்டே இறங்குங்கள்.

இதே போரில் இதே தேவைக்காகப் போட்ட ஓடுபாதைகள்தான் பின்னர் றேஸ் தடங்களாயின. சில்வர்ஸ்டன் 1943இல் திறந்த குண்டுவிமானப் பயிற்சித் தளம். 1950 மே 13 அன்று முதலாவது உலக சம்பியன்ஷிப் றேஸ் அங்கேதான், ஓடுபாதைகளைச் சுற்றிப் போன வெளிவீதியில் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்றுதான் பல பத்தாண்டுகள் தென்னிந்திய றேஸின் தாய்வீடாக இருந்தது. அமெரிக்காவில் செப்ரிங்.

விமானத் தளம் ஏன் வசதி? தட்டையான நிலம், அகலமான கொங்கிறீற், பக்கத்தில் வீடும் மரமும் இல்லை. எது பிழையாகும்? அதே காரணம்தான். மரமோ மதிலோ இல்லாத வெளியில் எங்கே பிறேக் பிடிப்பது என்று கண்ணுக்குக் குறி கிடைக்காது. அதனால்தான் வைக்கோல் கட்டும் எண்ணெய்ப் பீப்பாவும் வைத்தார்கள். கொங்கிறீற் பாளங்கள் சந்திக்கும் இடங்கள் ஒவ்வொன்றும் சஸ்பென்சனில் அடிக்கும். செப்ரிங்கில் ஓடியவர்கள் இன்றைக்கும் முறையிடுவது அந்த அடியைத்தான்.

1959 டிசம்பர் 12, செப்ரிங், பருவத்தின் கடைசி றேஸ். சம்பியனாகக்கூடியவர்கள் மூவர்: ஜக் பிறாபம், டொனி புறூக்ஸ், ஸ்டெர்லிங் மோஸ். மோஸின் கியர்பெட்டி தொடக்கத்திலேயே போனது. பிறாபம் கடைசிச் சுற்றுவரை முன்னுக்கு வந்தார், பெற்றோல் முடிந்தது. இறங்கிக் காரைத் தள்ளத் தொடங்கினார். முடிவுக்கோடு வரை ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர், தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஒருவரும் கை கொடுக்காமல். யாராவது தொட்டிருந்தால் முடிவு செல்லாது. நான்காவதாக வந்து கோட்டைத் தாண்டி விழுந்தார். வென்றது அவருடைய அணித் தோழர் புரூஸ் மக்லரன், வயது 22. பிறாபம் 31, புறூக்ஸ் 27, மோஸ் 25.5.

பிறாபத்தின் கூப்பர் காரில் எஞ்சின் சாரதிக்குப் பின்னால். அதுவரைக்கும் எஞ்சின் முன்னால் இருந்தது; சில்லுகளைத் திருப்பும் நீளத் தண்டு சாரதியின் இருக்கைக்குக் கீழால் போனது. பின்னால் வைத்ததும் தண்டு தேவையில்லை, இருக்கை தாழ்ந்தது, கார் இலேசானது, காற்றை எதிர்க்கும் முன்முகப்பு சிறுத்தது. எஞ்சின் செய்த கொவென்றி கிளைமக்ஸ், தீயணைப்புப் பம்பிகளுக்கு எஞ்சின் செய்து பெயரெடுத்த கம்பனி. இரண்டே ஆண்டில் எல்லா அணிகளும் எஞ்சினைப் பின்னுக்குக் கொண்டுபோயின.

அதற்கு முந்தின ஆண்டை, 1958ஐ, கொப்பியில் தனிப் பக்கமாகப் போடுங்கள். அந்த ஆண்டு மெதனோல் போய் விமானப் பெற்றோல் கட்டாயமானது. மெதனோலின் குளிர்ச்சியை நம்பி வான்வோல் அணி கட்டிய எஞ்சினைத் திருத்தியெடுக்க நேரம் பிடித்தது. ஆண்டின் முதல் றேஸுக்கு அவர்கள் போகவில்லை. ஆனாலும் அணிகளுக்கான முதலாவது கிண்ணத்தை வென்றது அவர்கள்தான். சாரதிகளுக்குச் சிறந்த ஆறு முடிவுகள் எண்ணப்பட்டன. மோஸ்: 8, 9, 6, 8, 9, 1. மொத்தம் 41, நான்கு வெற்றி. மைக் ஹோதோர்ன் உழைத்தது 49. அதில் 4, 2, 1 கழிகின்றன. மிச்சம் 9, 7, 7, 7, 6, 6. மொத்தம் 42, ஒரேயொரு வெற்றி, ஆனாலும் பட்டம் அவருக்கு.

இந்த 42க்குள் ஒரு 7 போர்த்துக்கல்லில் வந்தது. ஹோதோர்ன் சுழன்று நின்று, காரை மற்றத் திசையில் உருட்டி ஸ்ராட் செய்தார் என்று நடுவர்கள் விலக்கப் பார்த்தார்கள். மோஸ் போய்ச் சாட்சி சொன்னார்: அது நடந்தது நடைபாதையில், தடத்தில் அல்ல, விதியை மீறவில்லை என்று. அந்த 7 நின்றது. மோஸ் கண்டதைச் சொன்னார். வாழ்நாளில் அவருக்குச் சம்பியன் பட்டம் கிடைக்கவேயில்லை. ஆனால் அந்தச் சாட்சியம் பற்றி அவர் ஒருபோதும் வருந்தியதில்லை. இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பெரிய நிகழ்வு எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

மூன்றாம் நாள்: வல்லைவெளி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை

கோப்பாய், நீர்வேலி, ஆவரங்கால் தாண்டினால் வல்லைவெளி. வீடில்லை, பனை குறைவு, வலப்பக்கமும் இடப்பக்கமும் தரவையும் தண்ணீரும். தை மாதக் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பழைய காரில் ஸ்ரியறிங்கை ஒரு விரற்கடை காற்றுப் பக்கம் பிடித்தே போக வேண்டும். மோட்டார்சைக்கிளில் வருபவர்கள் லொறி முந்தும்போது கவனம்: லொறி மறைக்கும் கணத்தில் காற்று நின்று, கடந்ததும் திடீரென்று அடிக்கும்.

வல்வெட்டித்துறையில் கரையோர வீதி ஒடுக்கம். மதிலோடு மதில், கோயில் வாசல், படியில் இருப்பவர்களின் கால். 1957 ஓகஸ்ட் 18இல் இத்தாலியின் பெஸ்காராவில் நடந்த றேஸ் இப்படிப்பட்ட ஊர் வீதிகளால்தான் போனது. ஒரு சுற்று 25.8 கிலோமீற்றர், சம்பியன்ஷிப் வரலாற்றில் மிக நீளமானது. கடற்கரையில் புறப்பட்டு, மலைக் கிராமங்களுக்குள் ஏறி, திரும்பக் கடலுக்கு. 18 சுற்று. மோஸ் வான்வோலில் வென்றார். இத்தகைய தடத்தில் பாதுகாப்பு ஆட்களை ஒவ்வொரு வளைவிலும் நிறுத்த முடியாது. விழுந்தவனைக் கண்டுபிடிக்கவே நேரமாகும். 22.8 கிலோமீற்றர் நீளமான பழைய நூர்பேர்க்ரிங் 1976 ஓகஸ்ட் 1இல் நிக்கி லவுடா எரிந்த பிறகு ஃபோர்முலா வன்னுக்கு மூடியதற்கும் அதுதான் காரணம். அவரை நெருப்பிலிருந்து இழுத்தவர்கள் பின்னால் வந்த மற்றச் சாரதிகள். ஆறு கிழமையில் இத்தாலியின் மொன்சா றேஸுக்குத் திரும்பி நான்காவதாக வந்தார். கடைசி றேஸ் ஜப்பானின் ஃபூஜியில், கொட்டும் மழை. இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டார். ஜேம்ஸ் ஹண்ட் மூன்றாவது. புள்ளி 69க்கு 68, பட்டம் ஹண்டுக்கு.

பருத்தித்துறை வெளிச்சவீட்டுக்குக் கிட்ட நிறுத்திவிட்டு 1964ஐப் போட்டோம். இது நல்ல பயிற்சிக் கணக்கு. பத்து றேஸ், சிறந்த ஆறு எண்ணப்படும். வெற்றிக்கு 9, பிறகு 6, 4, 3, 2, 1. மெக்சிக்கோவில் கடைசி றேஸுக்குப் போகும்போது கிரகாம் ஹில் 39, ஜோன் சேர்ட்டீஸ் 34, ஜிம் கிளார்க் 30.

ஹில்லின் பக்கத்தை எழுதிப் பாருங்கள்: 9, 3, 2, 6, 6, 6, 9. ஏழு முடிவு, கூட்டினால் 41. ஆறுதான் எண்ணலாம், ஆகவே 2 கழிய 39. மெக்சிக்கோவில் நான்காவதாக வந்தாலும் ஒரு 3க்குப் பதில் இன்னொரு 3; புள்ளி ஒன்றும் ஏறாது. மூன்றாவது வந்தால் 4, அதிலும் ஒரு புள்ளிதான் இலாபம். தலையில் நிற்பவனுக்கே கழிவு மிகக் கடுமையாக விழும்.

றேஸில் சேர்ட்டீஸின் பெராரி அணித் தோழர் பன்டீனி, ஹில்லின் காரை இடித்தார். புகைபோக்கிக் குழாய்கள் நசுங்கி, ஹில் பின்தங்கினார். கிளார்க் முன்னால் தனியே போனார். வென்றால் அவரும் 39, வெற்றிகள் நான்கு என்பதால் பட்டம் அவருக்கு. 65 சுற்றில் 64 போனதும் அவருடைய லோட்டஸ் காரின் எண்ணெய்க் குழாய் வெடித்து எஞ்சின் நின்றது. டான் கேர்னி வென்றார். கடைசிச் சுற்றில் பன்டீனி விலகி சேர்ட்டீஸை இரண்டாமிடத்துக்கு விட்டார். சேர்ட்டீஸ்: 6, 4, 9, 9, 6, 6. சரியாக ஆறு முடிவு, ஒன்றும் கழியவில்லை. 40. மோட்டார்சைக்கிளிலும் காரிலும் உலக சம்பியனான ஒரே மனிதர் இன்றுவரை அவர்தான்.

நான்காம் நாள்: பண்ணை, புங்குடுதீவு, குறிகட்டுவான், நயினாதீவு

பண்ணைத் தாம்போதியில் விடியற்காலை மழை. ஒஸ்ரினின் வைப்பர் மெதுவாக அசைந்தது. வளையும் இடத்தில் ரயர் கொஞ்சம் வழுக்கியதும் ஐயா வேகத்தைக் குறைத்தார். குறிகட்டுவான் போகிறவர்களுக்கு: காலை நேரமே போய்ச் சேருங்கள், படகு நிறைந்தால் அடுத்ததுக்குக் காக்க வேண்டும். நாகபூசணி அம்மன் கோயில் மதிய பூசைக்குள் போய்ச் சேர இதுதான் வழி. இறங்குதுறையில் காத்திருந்த நேரத்தில்தான் இந்தப் பயணத்தின் மிக நீண்ட கணக்கு முடிந்தது.

1984. எரிபொருள் ஒரு றேஸுக்கு 220 லீற்றர், நடுவில் நிரப்பத் தடை. மக்லரன் அணிக்கு இருவர்: லவுடா, அலென் ப்ரோஸ்ட். யூன் 3, மொனாக்கோ, அடைமழை. ப்ரோஸ்ட் முன்னால், பின்னால் டோல்மன் காரில் அயர்டன் சென்னா சுற்றுக்குச் சுற்று நெருங்கினார். றேஸை இடையில் நிறுத்தினார்கள். முடிவு 31ஆம் சுற்றில் எடுக்கப்பட்டது. நான்கில் மூன்று பங்கு ஓடாததால் அரைப் புள்ளி. ப்ரோஸ்டுக்கு 9க்குப் பதில் 4.5. பருவ முடிவில் லவுடா 72, ப்ரோஸ்ட் 71.5. வரலாற்றின் மிகச் சிறிய இடைவெளி அது. மொனாக்கோ முழுமையாக ஓடி, ப்ரோஸ்டைச் சென்னா முந்தியிருந்தால்கூட இரண்டாமிடத்துக்கு 6. அவர் கணக்கு 73. தோற்றிருந்தால் சம்பியன், வென்றதால் இல்லை. ஏழு றேஸ் வென்றவரை ஐந்து வென்றவர் அரைப் புள்ளியில் முந்தினார்.

1986, அடிலெய்ட். நைஜல் மன்சலுக்கு மூன்றாமிடம் போதும். 82 சுற்று றேஸில் 63ஆம் சுற்று, ஏறக்குறைய மணிக்கு 290 கிலோமீற்றர், இடப்பக்கப் பின் ரயர் வெடித்தது. ஏன் வெடித்தது என்பதை விளங்க ப்ரோஸ்டின் பஞ்சரைப் பார்க்க வேண்டும். ப்ரோஸ்டுக்குப் பாதியில் காற்றுப் போய் ரயர் மாற்ற வேண்டிவந்தது. கழற்றிய ரயர்களை ரயர்க் கம்பனியார் பரிசோதித்து, தேய்வு குறைவு, மாற்றாமல் கடைசிவரை போகலாம் என்று கணித்தார்கள். அந்தக் கணிப்புப் பிழையாயிற்று. பஞ்சரால் பின்தங்கிய ப்ரோஸ்டிடம்தான் புது ரயர் இருந்தது. மன்சலின் வில்லியம்ஸ் அணி அவருடைய தோழர் நெல்சன் பிக்கேயையும் பாதுகாப்புக்காக உள்ளே அழைத்து மாற்றியது. ப்ரோஸ்டின் எரிபொருள் மானி முடிந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டிருந்தது, மானிதான் பிழை. வென்று 72, மன்சல் 70, பிக்கே 69.

இனி 1988. மக்லரன் எம்பி4/4 கார், ஹொண்டா டேர்போ எஞ்சின் (வெளியேறும் புகையால் காற்றை அமுக்கி ஊட்டுவது). டேர்போக்களுக்கு அமுக்கம் 2.5 பார், எரிபொருள் 150 லீற்றர் என்று குறைத்தும் 16 றேஸில் 15ஐ எடுத்தது. தவறியது மொன்சா மட்டும்: முன்னால் போன சென்னா, ஒரு சுற்றுப் பின்தங்கிய வில்லியம்ஸ் காரோடு மோதினார். பெராரிகள் முதலும் இரண்டும். என்ஸோ பெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

16 றேஸில் சிறந்த 11 எண்ணப்படும். ப்ரோஸ்ட்: ஏழு வெற்றி, ஏழு இரண்டாமிடம், இரண்டு முறை முடிக்கவில்லை. ஏழு 9 அறுபத்துமூன்று. ஏழு 6 நாற்பத்திரண்டு. உழைத்தது 105. பதினொன்றே எண்ணலாம்: ஏழு வெற்றியும் நான்கு இரண்டாமிடமும். மூன்று இரண்டாமிடங்கள், அதாவது 18 புள்ளி, காற்றோடு போயின. மிச்சம் 87. சென்னா: எட்டு வெற்றி 72, மூன்று இரண்டாமிடம் 18, ஒரு நான்காவது, ஒரு ஆறாவது. உழைத்தது 94, பதினொன்றை எடுத்தால் 90. பட்டம் சென்னாவுக்கு.

பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பெடியன் கேட்டான்: "அண்ணை, அப்ப ஆர் கெட்டிக்காரன்?" விதி தெரிந்தே இருவரும் ஓடினார்கள். ப்ரோஸ்டுக்கு இரண்டாமிடம் இனி உதவாது, வென்றால்தான் கூடும் என்ற நிலை பருவத்தின் பிற்பகுதியில் வந்துவிட்டது. சென்னா யப்பானில் தொடக்கத்தில் எஞ்சின் திணறிப் பின்தங்கியும் முந்தி வென்று முடித்தார். ஆகவே பட்டம் நியாயமானது. ஆனால் விதியின் காலம் முடிந்துவிட்டது. உடையும் கார்களுக்காகப் போட்ட விதி, உடையாத கார் வந்ததும் ஒழுங்காக வந்து சேர்பவனைத் தண்டித்தது. 1950இல் ஃபாஜியோலிக்கு 4, 1988இல் ப்ரோஸ்டுக்கு 18. 1991இல் வெற்றிக்கு 10 ஆக்கி, எல்லா முடிவையும் எண்ணத் தொடங்கினார்கள். அந்த முறையில் 1988ஐத் திரும்பப் போட்டால் ப்ரோஸ்ட் 112, சென்னா 102.

படகு வந்தது. மழை விட்டிருந்தது.

ஐந்தாம் நாள்: சாவகச்சேரி, பளை, ஆனையிறவு

ஏ9 வீதி நேரானது, வேகம் பிடிக்கத் தூண்டும். ஊர்களுக்குள் வேகத்தடைகள் உண்டு; கொடிகாமம் தாண்டிய ஓரிடத்தில் ஒஸ்ரினின் வயிறு அதில் உரசியது. ஆனையிறவில் உப்பளத்தைப் பார்த்தபடி நிறுத்தி, சாக்கை விரித்து ஐயா கீழே படுத்துப் பார்த்தார். சைலன்சர் பிடிக்கும் கிளாம்பில் ஒரு பளபளக்கும் கீறல், ஒரு சாண் நீளம். போல்ட் இறுக்கமாகவே இருந்தது. "தேய்ஞ்சது தகடு, தம்பி. குழாய் தப்பியிட்டுது."

தகடு தேய்வது ஃபோர்முலா வன்னில் பருவத்தையே மாற்றக்கூடியது. 1994 இமோலாவில் ரொலாண்ட் ராட்சன்பேர்கரும் அடுத்த நாள் சென்னாவும் இறந்த பிறகு, கார்களை நிலத்திலிருந்து உயர்த்துவதற்காக அடியில் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள அமுக்கிய மரப் பலகை கட்டாயமானது. கார் தாழ்ந்தால் அடியில் காற்று வேகமாக ஓடிக் காரை நிலத்தோடு உறிஞ்சிப் பிடிக்கும். வளைவில் வேகம் கூடும். பலகை இருந்தால் அளவுக்கு மிஞ்சித் தாழ்த்தியவனின் பலகை தேய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மில்லிமீற்றர் தேயலாம். 9க்குக் கீழே போனால் முடிவு செல்லாது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பாவில் மைக்கேல் ஷூமாக்கர் வென்ற றேஸ் இப்படித்தான் பறிபோனது. கரைக்கட்டில் சுழன்றதால் தேய்ந்தது என்று அணி வாதிட்டது, எடுபடவில்லை. 10 புள்ளி போய், பருவ முடிவில் ஷூமாக்கர் 92, டேமன் ஹில் 91.

ரயரும் அப்படியே. 2005இல் தகுதிச் சுற்றுக்கும் றேஸுக்கும் ஒரே ரயர், மாற்றத் தடை. இன்டியானாபொலிஸின் சரிந்த கடைசி வளைவில் பாரம் முழுவதும் இடப்பக்கப் பின் ரயரில் விழ, மிஷெலின் ரயர்கள் தாங்காது என்று தெரிந்து 14 கார்கள் தொடக்கச் சுற்றோடு உள்ளே போயின. ஆறு கார் ஓடியது. தமிழ்நாட்டுச் சாரதி நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவது, 5 புள்ளி. ஆறு கார்தானே என்று சிலர் தள்ளிவிடுவார்கள். சுவரோடு மோதாமல், எஞ்சினைச் சுடவிடாமல் முழுத் தூரமும் ஓடி முடித்தவருக்குரிய புள்ளி அது.

பிற்காலப் புள்ளி மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2003இல் எட்டுப் பேருக்குப் புள்ளி, இரண்டாமிடத்துக்கு 8. ஒரேயொரு வெற்றியோடு கிமி ரைக்கோனன் 91 வரை வந்து 93 எடுத்த ஷூமாக்கரை நெருங்க முடிந்தது. 2010இலிருந்து வெற்றிக்கு 25, பிறகு 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1. 2014இல் கடைசி றேஸுக்கு மட்டும் இரட்டைப் புள்ளி வைத்தார்கள். மோசமான யோசனை, ஒரே ஆண்டில் கைவிட்டார்கள். 2021இல் ஸ்பா மழையில் மறுபடி அரைப் புள்ளி, முதல் இருவருக்கும் 395.5, 387.5 என்று அந்தப் பருவத்தின் இறுதிக் கணக்கில் நிற்கும் அரை அங்கிருந்து வந்ததுதான்.

பழைய பருவங்களை ஒரே புள்ளிமுறைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓடியவர்கள் அந்தந்த ஆண்டின் விதிக்கேற்றபடிதான் ஓடினார்கள். எதை எண்ணுவார்கள் என்று தெரிந்தால் எங்கே துணிவது, எங்கே விடுவது என்பதும் மாறும்.

கொப்பியின் கடைசிக் கணக்கு 2025. ஓகஸ்ட் முடிவில் முதலிடத்துக்கு 104 புள்ளி பின்னால் நின்ற மக்ஸ் வெர்ஸ்டப்பன், அபுதாபியில் கடைசி றேஸையும் வென்றார். லான்டோ நோரிஸ் மூன்றாவதாக வந்தார், அது போதுமாயிருந்தது. நோரிஸ் 423, வெர்ஸ்டப்பன் 421, ஒஸ்கார் பியாஸ்ட்ரி 410. இரண்டு புள்ளிவரை இறங்கியதற்குக் காரணங்களில் ஒன்று நவம்பரில் லாஸ் வேகாஸ்: இரண்டாவது வந்த நோரிஸும் நான்காவது வந்த பியாஸ்ட்ரியும் பலகை 9 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்ததால் விலக்கப்பட்டார்கள். எதிர்பார்த்ததைவிடக் கார் நிலத்தில் குதித்து உரசியது என்பது இருவருடைய மக்லரன் அணியின் விளக்கம். நோரிஸுக்கு 18 புள்ளி போனது. குறைந்திருந்தது ஒரு மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஐயா கொப்பியை வாங்கி அந்த எண்களைப் பார்த்தார். பிறகு கிளாம்புக்குக் கீழே ஒரு தகரத் துண்டை மடித்து வைத்து, கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். திரும்பும் வழியில் எல்லா வேகத்தடையையும் முதல் கியரில், கொஞ்சம் குறுக்காக, ஒரு சில்லாக ஏறி இறங்கினோம்.

2026 பருவத்தின் முதல் றேஸ் மெல்பேர்னில், மார்ச் 8. யாழ்ப்பாண நேரம் காலை 9.30. ஐரோப்பாவில் நடப்பவை பெரும்பாலும் மாலை 6.30, சிங்கப்பூர் 5.30, யப்பான் காலை 10.30.